குறைந்த செலவில் ஆர்சிஏ இன்டர்கனெக்ட்: எந்த ஒயர், எந்தப் பின், எதில் காசு போடலாம்?

தகடூர்_ஒலி (தருமபுரி)

வணக்கம். செட்டப் இதுதான்: ஒரு யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலாக மாற்றும் பெட்டி), ஒரு டிடிஎச் செட்டாப் பாக்ஸ், சி5200 – ஏ1943 டிரான்சிஸ்டர் போர்டு போட்ட அசெம்பிள் ஸ்டீரியோ ஆம்ப், இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர். டிஏசியிலிருந்து ஆம்புக்கு 1 மீட்டர் ஆர்சிஏ ஒயர் (நடுவில் ஊசியும் சுற்றி உறையும் உள்ள பின் மாட்டிய ஆடியோ ஒயர்) போதும். செட்டாப் பாக்ஸிலிருந்து வர 4 மீட்டர் வேண்டும். இப்போது ஓடுவது டிவிடி பிளேயரோடு வரும் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி கார்டு. டிஏசி மட்டும் இருந்தால் அமைதி. செட்டாப் பாக்ஸைச் செருகினதும் கர்ர்ரென்று ஹம் ஏறுகிறது.

இரண்டு ஜோடிக்கும் சேர்த்து ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். ரெடிமேடு வாங்கலாமா, நாமே செய்யலாமா? தருமபுரியில் கிடைப்பது எது, சேலமோ பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியோ போனால்தான் கிடைப்பது எது என்றும் சொல்லுங்கள்.

ஓசூர்_சிக்னல் (ஓசூர்)

வணக்கம் நண்பரே. நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஒயர் தேர்வு ஒன்று, ஹம் இன்னொன்று. ஹம் ஒயரை மாற்றித் தீராது என்பது என் கணிப்பு. அதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் ஒயர்.

டிஏசி முழு அளவில் கொடுப்பது ஏறக்குறைய 2 வோல்ட். ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் தடை) 10 கிலோ ஓம் என்று வைத்தால் ஒயரில் ஓடுவது 0.2 மில்லி ஆம்பியர்தான். நடுக்கம்பி தடியாக இருந்தாலும் மெல்லியதாக இருந்தாலும், செம்பானாலும் வெள்ளியானாலும் இந்த ஓட்டத்துக்கு ஒன்றுதான். கம்பியில் 1 ஓம் முழுதாகக் கூடினால்கூட ஒலி அளவில் குறைவது 0.0009 டெசிபல். எந்தக் காதுக்கும் அது எட்டாது.

அடுத்து கெபாசிட்டன்ஸ், அதாவது ஒயர் கொஞ்சம் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் தன்மை. டிஏசியின் அவுட்புட் இம்பீடன்ஸ் 1 கிலோ ஓம், ஒயரும் ஆம்ப் இன்புட்டும் சேர்த்து 200 பிகோ ஃபாரட் என்றால் ட்ரெபிள் 3 டெசிபல் குறையும் இடம் ஏறத்தாழ 800 கிலோ ஹெர்ட்ஸ். நமக்குக் கேட்பது 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான். உங்கள் 4 மீட்டர் ஒயர் மீட்டருக்கு 150 பிகோ ஃபாரட் உள்ள ரகமாக இருந்தாலும் அந்த இடம் 200 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலேதான் நிற்கும்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? ஷீல்டின், அதாவது நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெளிக் கம்பிப் பின்னலின், ரெசிஸ்டன்ஸை. ஆர்சிஏ ஒயரில் ஷீல்டு வெறும் மறைப்பு கிடையாது. சிக்னல் திரும்பிப் போகும் பாதையே அதுதான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கசியும் மெயின்ஸ் மின்னோட்டமும் அதே பாதையில்தான் ஓடுகிறது. இரண்டு பின் சார்ஜரிலும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையிலும் மெயின்ஸ் பக்கத்தையும் அவுட்புட் பக்கத்தையும் இணைக்கும் ஒய் கெபாசிட்டர் வழியாகச் சில நூறு மைக்ரோ ஆம்பியர் வரை கசியும். 250 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது, ஷீல்டு 50 மில்லி ஓம் என்றால் அதன் குறுக்கே பிறக்கும் ஹம் 12.5 மைக்ரோ வோல்ட். 2 வோல்ட் சிக்னலுக்கு 104 டெசிபல் கீழே. சிடியின் 16 பிட் எல்லைக்கும் அடியில் அது மறைந்துவிடும். அதே ஒயரில் பின் துருப்பிடித்தோ சால்டர் விட்டோ ஷீல்டு பாதை 2 ஓம் ஆகிவிட்டால் ஹம் அரை மில்லி வோல்ட். 72 டெசிபல்தான் கீழே. இரவில் வால்யூமைக் கூட்டிவைத்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் காது கொடுத்தால் கேட்கும். நடுக்கம்பியில் ஒரு ஓம் கூடினால் ஒன்றும் ஆகாது, ஷீல்டில் ஒரு ஓம் கூடினால் எல்லாம் ஆகும்.

ஆகவே காசு போக வேண்டியது செம்புப் பின்னல் ஷீல்டுக்கும், இறுக்கமாகப் பிடிக்கும் பின்னுக்கும், நல்ல சால்டருக்கும். டப்பாவோடு வரும் ஏவி கார்டில் நாலைந்து மயிரிழைக் கம்பியைச் சுற்றிவிட்டு அதையே ஷீல்டு என்பார்கள். அதுதான் அதன் குறை.

பர்கூர்வாசி (பர்கூர்)

ஓசூர் அண்ணன் சொன்னதற்குக் கைவேலைப் பகுதியை நான் எழுதுகிறேன்.

ஒயர்: தருமபுரியில் மைக் செட் கடைகளிலும் எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடைகளிலும் இரண்டு கோர் மைக் ஒயர் மீட்டர் கணக்கில் தருவார்கள். வெளி விட்டம் 6 மில்லி மீட்டருக்குள் இருக்கட்டும். வாங்கும் முன் நுனியில் கொஞ்சம் சீவிப் பாருங்கள்: ஷீல்டு உள் கோர்களை முழுக்க மூடியிருக்க வேண்டும், இடைவெளியில் உள் நிறம் தெரியக்கூடாது. கம்பியை நகத்தாலோ பிளேடாலோ சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். வளைத்து வளைத்து எடுத்தால் முறியும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு.

பின்: இந்த விலைக்கு உலோக உறை உள்ள, ஸ்பிரிங் வால் வைத்த எம்எக்ஸ் பிராண்டு ரகமே போதும். எஸ்.பி. ரோடு போகிறவர் யாராவது இருந்தால் நியூட்ரிக்கின் ரியான் வரிசையில் என்ஒய்எஸ்373 கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். அதன் பிடி வெகுநாள் தளராது, சால்டர் பிடிக்கும் இடமும் அகலம். எந்தப் பின்னானாலும் ஒயர் நுழையும் வாயின் அளவைக் கடையிலேயே ஒயரை விட்டுப் பார்த்து வாங்குங்கள். 6 மில்லி மீட்டர் ஒயர் வாங்கி 4.5 மில்லி மீட்டர் வாய் உள்ள பின்னோடு வீட்டுக்கு வந்தால் அன்றைய வேலை அதோடு நின்றது.

1 மீட்டர் ஜோடிக்கு: ஒயர் 2.2 மீட்டர், பின் 4, 8 மில்லி மீட்டர் ஹீட் ஷ்ரிங்க் 3 சென்டிமீட்டர் துண்டாக 4, மெல்லிய ஷ்ரிங்க் கொஞ்சம், 60/40 சால்டர் லெட், 25 வாட் சால்டரிங் அயர்ன். சோல்ட்ரான் மாதிரி எளிய அயர்னே போதும், ஆனால் முனை சுத்தமாக, பளபளவென்று ஈயம் பூசியிருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் பின்னின் உறையையும் ஷ்ரிங்க் துண்டையும் ஒயரில் கோத்துவிடுங்கள். சால்டர் முடித்தபின் உறை மேஜைமேல் தனியாகக் கிடந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

வெளித்தோலை 15 மில்லி மீட்டர் சீவுங்கள். பிளேடை அழுத்தாமல் ஒரு சுற்று வரைந்து ஒயரை மெல்ல மடக்கினால் தோல் தானாகப் பிளக்கும். ஷீல்டு இழை அறுபடாது. ஷீல்டைப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்குங்கள். இரண்டு கோர்களில் ஒன்று நடுப்பின்னுக்கு. இன்னொன்றை ஷீல்டோடு சேர்த்து முறுக்கி இரண்டு முனையிலும் எர்த்தில் வையுங்கள்; ரிட்டர்ன் பாதையின் ரெசிஸ்டன்ஸ் குறையும். இரண்டு கோரையும் நடுப்பின்னில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதில் லாபம் இல்லை, கெபாசிட்டன்ஸ்தான் கூடும். நடுக்கோரின் தோல் 4 மில்லி மீட்டர் மட்டும் போகட்டும்.

சால்டர் வைக்கும்போது பின்னை வெறுமனே மேஜையில் போட்டுச் சூடாக்காதீர்கள். உபயோகமில்லாத ஒரு ஆர்சிஏ சாக்கெட்டில் பின்னைச் செருகிவைத்துச் சால்டர் வையுங்கள். சூட்டில் உள் பிளாஸ்டிக் இளகினாலும் சாக்கெட் பிடித்துக்கொள்வதால் நடு ஊசி கோணாது. நடு ஊசியின் பின்முனையிலுள்ள கிண்ணத்தில் முதலில் கொஞ்சம் லெட் உருக்கி நிரப்பி, ஈயம் பூசிய கம்பியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று வினாடியில் அயர்னை எடுத்துவிடுங்கள். லெட் உறையும்வரை கம்பி அசையக்கூடாது. ஒழுங்காக ஒட்டினால் மேற்பரப்பு மினுமினுக்கும், ஓரம் சரிவாக வழிந்திருக்கும். சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றால் அது கோல்டு சால்டர், அதாவது சூடு பற்றாமல் சரியாகப் பிடிக்காத ஒட்டு. இன்று பாடும், நாலு மாதத்தில் ஒயரைத் தொட்டால் கரகரக்கும்.

ஷீல்டைச் சால்டர் வைக்க உலோகம் பெரிது என்பதால் சூடு அதிக நேரம் தேவைப்படும். அந்தச் சூட்டில் பக்கத்துக் கோரின் தோல் இளகி ஷீல்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எர்த் வாலை (பின்னில் ஷீல்டு ஒட்டும் தகட்டை) முன்பே ஈயம் பூசிவைத்து, நடுக்கோரின் மேல் மெல்லிய ஷ்ரிங்க் ஒன்றை ஏற்றிவிட்டால் பயமில்லை. கடைசியாக வாலின் இரண்டு காதுகளையும் குறடால் வெளித்தோலைச் சேர்த்து மடக்குங்கள். இழுவையைத் தாங்க வேண்டியது அந்தப் பிடி, சால்டர் அல்ல.

முடித்ததும் மல்டிமீட்டர். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் தொடவைத்து வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்; சாதாரண மீட்டரில் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். ஊசிக்கு ஊசி, உறைக்கு உறை அளந்தால் அதற்கு மேல் எதுவும் கூடக்கூடாது. ஊசிக்கும் உறைக்கும் நடுவே பெரிய ரேஞ்சிலும் எதுவும் காட்டக்கூடாது. அளக்கும்போதே ஒயரைப் பின் பக்கத்தில் ஆட்டிப்பாருங்கள். எண் துள்ளினால் ஷீல்டு இழை ஒன்று எங்கோ உரசுகிறது.

பாலக்கோடு_இசை (பாலக்கோடு)

வீட்டில் டிஷ் ஒயர் ஆர்ஜி-6 பத்து மீட்டர் சுருளாகக் கிடக்கிறது. அதையே ஆர்சிஏ ஒயராக்கலாமா? ஷீல்டு நன்றாகத்தானே இருக்கும்?

பர்கூர்வாசி (பர்கூர்)

கெபாசிட்டன்ஸ் கணக்கில் அது நல்ல ஒயர்தான் சார். நுரை இன்சுலேஷன் என்பதால் மீட்டருக்கு 53 பிகோ ஃபாரட் அளவில்தான் வரும். சிக்கல் வேறு. கடையில் கிடைக்கும் டிஷ் ஒயரில் பெரும்பாலும் பின்னலும் ஃபாயிலும் அலுமினியம். சாதாரண 60/40 லெட் அலுமினியத்தில் ஒட்டவே ஒட்டாது. ஒட்டினமாதிரி மேலே உருண்டு நிற்கும், இழுத்தால் கழன்றுவிடும். சிலர் ஃபிளக்ஸை அள்ளிப்போட்டுச் சூடாக்குவார்கள், அதற்குள் நுரை உருகி நடுக்கம்பி ஓரம் போய்விடும்.

கட்டாயம் அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் சால்டரை மறந்துவிடுங்கள். முறையாக கம்ப்ரஷன் எஃப் கனெக்டர் அடித்து, அதன்மேல் எஃப்-ஆர்சிஏ அடாப்டர் மாட்டுங்கள். நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பாக இருந்தாலும் லைன் லெவலில் கவலையில்லை. ஆனால் ஒயர் விறைப்பு, பின் நீளம். அசெம்பிள் ஆம்பின் பின்பக்கம் பேக்கலைட் பலகையில் ரிவெட் அடித்த ஆர்சிஏ சாக்கெட் இருக்கிறதே, அதன்மேல் நெம்புகோல் மாதிரி பாரம் ஏறும். கொஞ்ச நாளில் ரிவெட் தளர்ந்து எர்த் தகடு ஆடும், அங்கிருந்து ஹம் கிளம்பும். கோஆக்ஸியல்தான் வேண்டும் என்றால் செம்புப் பின்னலும் செம்பு நடுக்கம்பியும் உள்ள ஆர்ஜி-59 கேளுங்கள். திட பாலிஎத்திலீன் ரகம் மீட்டருக்கு 67 பிகோ ஃபாரட். சிசிடிவிக்கு விற்கும் 3+1 ஒயர் வேண்டாம். அதிலுள்ள கோஆக்ஸ் மெல்லியது, பின்னலும் பெரும்பாலும் அலுமினியக் கலவை.

ஊத்தங்கரை_ராகம் (ஊத்தங்கரை)

எல்லோரும் மீட்டரை வைத்தே பேசுகிறீர்கள். கொஞ்சம் விலை கூடிய, வெள்ளி பூசிய ஒயரை மாட்டினால் குரல் முன்னால் வருகிறது, பேஸ் இறுகுகிறது. பலரும் கேட்டுச் சொல்வதை அளவில் தெரியவில்லை என்று தள்ளிவிடுவது சரியில்லை. காதுக்காகத்தானே இவ்வளவும்?

ஓசூர்_சிக்னல் (ஓசூர்)

காதுக்காகத்தான், அதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை. காது சொல்வதை நம்பும்படி சோதிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதலில் ஒன்று. பழைய ஒயரைக் கழற்றிப் புதியதைச் செருகும்போதே சாக்கெட்டின் மேல் படிந்த ஆக்சைடு உரசித் துடைபடுகிறது. உண்மையிலேயே மாற்றம் கேட்டிருக்கலாம், ஆனால் அது ஒயரால் வந்ததா, துடைபட்டதால் வந்ததா? ஆகவே புதியதை மாட்டும் முன் பழைய ஒயரையே நாலைந்து முறை கழற்றிச் செருகிக் கேளுங்கள். பேஸ் அப்போதே இறுகினால் செலவு மிச்சம்.

இரண்டாவது, வால்யூம். 0.1 டெசிபலுக்குள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் தெளிவாகத்தான் தோன்றும். ஆம்பின் வால்யூமைத் தொடாமல், டெஸ்ட் டோன் ஓடவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் அளந்து சரிபாருங்கள். 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்து டோன் வேண்டாம், ஹம் கலந்துவிடும். மலிவு மீட்டர் அதிக அதிர்வெண்ணில் தப்பாகக் காட்டும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பொருத்தம்.

மூன்றாவது, எந்த ஒயர் மாட்டியிருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. வேறொருவர் ஆம்புக்குப் பின்னால் துணி போட்டு மாற்றட்டும். மாற்றாமல் விடும் முறையிலும் கழற்றிச் செருகும் சத்தம் அதேபோல் வரட்டும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றில் நாலு வாய்ப்புதான். நான் மதிப்பது அந்த முடிவை.

ஆட்கள் இல்லையென்றால் இன்னொரு வழி, ஒருவரே செய்யலாம். ஸ்டீரியோ லைன்-இன் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் மோனோ, உதவாது. பிங்க் நாய்ஸ் அல்லது பாட்டை மோனோவாக்கி, டிஏசியின் இடது சேனலை மலிவு ஒயர் வழியாகவும் வலது சேனலை விலை கூடிய ஒயர் வழியாகவும் ரெக்கார்டு செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஒரே கருவியில் பதிவதால் கடிகார விலகல் வராது. ஆடாசிட்டியில் இரண்டு டிராக்காகப் பிரித்து, ஒன்றை இன்வர்ட் செய்து, மீதி மிகக் குறையும்படி கெயினைச் சரிசெய்து கலக்குங்கள். மிஞ்சுவதுதான் வித்தியாசம். பிறகு ஒயர்களை இடம் மாற்றி மறுபடியும் செய்யுங்கள். இரண்டு முறையும் மீதி ஒரே மாதிரி இருந்தால் அது இன்டர்ஃபேஸ் சேனல்களின் வித்தியாசம், ஒயருடையது அல்ல. ஒயரோடு சேர்ந்து மீதியும் இடம் மாறினால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள், அந்த ஒயரை நானும் அளந்துபார்க்க விரும்புகிறேன்.

ஊத்தங்கரை_ராகம் (ஊத்தங்கரை)

கழற்றிச் செருகும் விஷயம் ஏற்கத்தக்கது. சேனல் மாற்றும் முறையைச் செய்துபார்த்து ஃபைலைப் போடுகிறேன். ஆனால் ஒன்று, ரெக்கார்டு பிளேயரில் ஒயர் மாற்றினால் ஒலி மாறுவதை நீங்களும் மறுக்க முடியாது.

ஓசூர்_சிக்னல் (ஓசூர்)

மறுக்கவே மாட்டேன், அங்கே ஒயர் ஒலியை மாற்றத்தான் செய்யும். எம்எம் (காந்தம் அசையும் ரக) கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது ரெக்கார்டு ஊசி மாட்டிய தலைக்குள், பெரிய காயில் இருக்கிறது. அந்த இண்டக்டன்ஸும் ஒயரின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ஃபில்டர் ஆகிவிடுகின்றன. ஆர்டோஃபான் 2எம் ரெட் எடுத்துக்கொள்ளுங்கள்: காயில் 700 மில்லி ஹென்றி, நிறுவனம் சொல்லும் லோடு 47 கிலோ ஓம், 150 முதல் 300 பிகோ ஃபாரட். 150இல் ஒத்ததிர்வு 15.5 கிலோ ஹெர்ட்ஸ். 300இல் 11 கிலோ ஹெர்ட்ஸ். 500 ஆனால் 8.5 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்; அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பி அதற்கு மேலே சரியும். 'ச', 'ஸ' எல்லாம் கூசும், ஜால்ராவின் மேல்நாதம் மங்கும்.

ஒயர் மட்டும் கணக்கில்லை. டோன்ஆர்ம் கம்பி, ஃபோனோ (ரெக்கார்டு பிளேயருக்கான) இன்புட்டிலேயே உள்ள 100 முதல் 220 பிகோ ஃபாரட், எல்லாம் கூட்டிப்பார்க்க வேண்டும். அதனால் ஃபோனோவுக்கு ஆர்ஜி-59 ரகம், நீளம் 1 மீட்டருக்குள். கேனரே எல்-4இ6எஸ் போன்ற நாலு கோர் ஸ்டார் குவாட் மைக் ஒயர் மேடைக்கு அருமையானது. இங்கே மீட்டருக்கு 150க்கு மேல் போய்விடும், வேண்டாம்.

ஹம் விஷயத்திலும் ஃபோனோ மிக மென்மையானது. கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லி வோல்ட். 2 வோல்ட்டைவிட 52 டெசிபல் கீழே. அதற்கு மேல் ஆர்ஐஏஏ சுற்று (ரெக்கார்டில் குறைத்துப் பதிந்த பேஸைத் திரும்பக் கூட்டும் சுற்று) 50 ஹெர்ட்ஸை 17 டெசிபல் தூக்கிக் கொடுக்கும். ஆகவே தனி எர்த் ஒயரைப் பிரியாம்பின் திருகில் இறுக்கிக் கட்டுங்கள், ஒயரை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் விடாதீர்கள்.

ஒயர் ஒலியை மாற்றும் இன்னொரு இடம் பாஸிவ் வால்யூம் பெட்டி, அதாவது பவர் இல்லாமல் வால்யூம் கன்ட்ரோல் மட்டும் உள்ள பெட்டி. 50 கிலோ ஓம் கன்ட்ரோல் 6 டெசிபல் குறைத்த நிலையில் வெளியே காட்டும் இம்பீடன்ஸ் 12.5 கிலோ ஓம் வரை போகும். அதற்குப் பின்னால் 750 பிகோ ஃபாரட் உள்ள 5 மீட்டர் ஒயர் போட்டால் 17 கிலோ ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். பாஸிவ் பெட்டியைப் பவர் ஆம்புக்கு அருகில் வைத்து, அதற்குப் பின்வரும் ஒயரை அரை மீட்டரில் முடியுங்கள்.

காவேரிப்பட்டினம்_ஷண்ட் (காவேரிப்பட்டினம்)

முதல் கேள்வியிலுள்ள ஹம்முக்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை. தகடூர் நண்பரே, இந்த வரிசையில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம்பை நிறுத்திவிட்டுச் செருகுங்கள். ஆர்சிஏவில் நடு ஊசி முதலில் தொடும், உறை பிறகுதான் தொடும். அந்தக் கண நேரத்தில் வரும் டமால் ட்வீட்டரைக் கொன்றுவிடும். நியூட்ரிக் ப்ரோஃபி என்எஃப்2சி பின்னில் ஸ்பிரிங் உறை எர்த்தை முதலில் தொடவைக்கும், ஆனால் அதன் விலை உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காது.

எல்லா ஒயரையும் கழற்றி வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் அது ஆம்புக்குள்: ஃபில்டர் கெபாசிட்டர், எர்த் கட்டிய இடம், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஓடும் ஷீல்டு ஒயர். இல்லையென்றால் ஒரு ஆர்சிஏ பின்னில் ஊசியையும் உறையையும் சால்டரால் சேர்த்து ஷார்ட் பின் செய்து ஆம்ப் இன்புட்டில் செருகி வால்யூமைக் கூட்டுங்கள். இன்புட்டைத் திறந்துவைத்தால் எந்த ஆம்பும் ஹம் அடிக்கும், அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஷார்ட் பின்னை இன்புட்டில் மட்டும்தான் போடலாம். டிஏசி அவுட்புட்டில் போடாதீர்கள்.

அது அமைதியாக இருந்தால் 4 மீட்டர் ஒயரை ஆம்பில் மாட்டி மறுமுனையை ஷார்ட் செய்யுங்கள். ஹம் வந்தால் ஒயரோ அது போகும் வழியோ காரணம். வராவிட்டால் ஒயர் நிரபராதி. இப்போது செட்டாப் பாக்ஸை இணைத்து, பின்னாலுள்ள டிஷ் ஒயரைத் திருகிக் கழற்றுங்கள். ஹம் அந்த நொடியே நின்றால் லூப் கிடைத்துவிட்டது: மாடியில் டிஷ் கம்பம் கான்கிரீட் கம்பியையோ இரும்புக் குழாயையோ தொட்டு ஒரு எர்த், ஆம்பின் மூன்று பின் பிளக்கில் இன்னொரு எர்த். இரண்டின் வோல்டேஜும் ஒன்றாக இருக்காது, வித்தியாசம் உங்கள் ஷீல்டு வழியாக ஓடும்.

நம் பக்கத்தில் இது கூடுதலாகவே வரும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கமெல்லாம் கொஞ்சம் தோண்டினால் பாறை. எர்த் கம்பி ஆழம் போகாது, கோடையில் மண்ணும் காய்ந்துவிடும். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் அளந்துபாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரிபார்ப்பது நல்லது; கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதோ பென்டோனைட் நிரப்புவதோ அவர் பார்த்துச் சொல்வார். பக்கத்துத் தோட்டத்தில் மும்முனை வந்து மோட்டார் ஓடும்போது மட்டும் ஹம் ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கீச்சென்ற இரைச்சல் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை, அதற்கும் ஒயருக்கும் சம்பந்தமில்லை.

எக்காரணம் கொண்டும் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள். அசெம்பிள் ஆம்பில் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் விட்டால் 230 வோல்ட் கேபினட்டுக்கு வரும், ஆர்சிஏ உறை வழியாக மற்ற பெட்டிகளுக்கும் போகும்.

தீர்வு: செட்டாப் பாக்ஸ், டிவி, ஆம்ப் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருக்கட்டும். அதிலும் நிற்கவில்லையென்றால் பாக்ஸிலோ டிவியிலோ ஆப்டிக்கல் அவுட் இருக்கிறதா பாருங்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, ஒளிதான் போகும். மின்சாரப் பாதையே கிடையாது, லூப் அறுந்துவிடும். காருக்கு விற்கும் சின்ன கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைசி வழி. உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அடி பேஸைத் தாங்காது. ஹம்மோடு சேர்ந்து தவிலின் தொப்பிச் சத்தமும் போய்விடும்.

அரூர்_வால்வு (அரூர்)

இதோடு ஒரு கேள்வி. பழைய ஆம்பில் ஆர்சிஏ இல்லை, 5 பின் டின் (DIN) சாக்கெட் என்ற பழைய வட்டச் சாக்கெட் மட்டும். டிஏசியை எப்படிக் கொடுப்பது?

ஓசூர்_சிக்னல் (ஓசூர்)

ஃபோனோ என்று எழுதிய டின் சாக்கெட்டில் கொடுக்காதீர்கள், ஒலி சிதறிவிடும். டேப் அல்லது ஆக்ஸ் சாக்கெட்டில் கொடுங்கள். டின் பின்னில் எண்கள் வரிசையாக இருக்காது. வளைவில் 1, 4, 2, 5, 3 என்று வரும், ஊசிக்குப் பக்கத்திலேயே பொறித்திருக்கும். 2 எர்த். ஆம்புக்குள் போவது 3 இடது, 5 வலது. 1, 4 ரெக்கார்டிங்குக்கு வெளியே வருவது. அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அந்தக் காலத்து டேப் இன்புட் கால் வோல்ட் அளவுக்கே முழுச் சத்தம் கொடுக்கும். 2 வோல்ட் நேராகப் போனால் வால்யூம் கொஞ்சம் திருப்பினதுமே அலறும், முன்நிலை டிரான்சிஸ்டரும் கிளிப் ஆகலாம். ஒவ்வொரு சேனலுக்கும் 22 கிலோ ஓம் தொடரில், அதன் பின்னால் 4.7 கிலோ ஓம் எர்த்துக்கு. 15 டெசிபல் குறைந்து 0.35 வோல்ட் வரும். கால் வாட் ரெசிஸ்டர் டின் பின்னின் உறைக்குள்ளேயே அடங்கும். கட்டாயம் ஆம்ப் முனையில்தான் வைக்க வேண்டும். டிஏசி முனையில் வைத்தால் ஒயர் முழுவதும் 4 கிலோ ஓமின் பின்னால் நிற்கும், இரைச்சலை இழுக்கும்.

தகடூர்_ஒலி (தருமபுரி)

நன்றி, எல்லோருக்கும். காவேரிப்பட்டினம் நண்பர் சொன்ன வரிசையில் பார்த்தேன். டிஷ் ஒயரைக் கழற்றினால் ஹம் நிற்கிறது. டிவியில் ஆப்டிக்கல் அவுட் இருக்கிறது, டிஏசியில் ஆப்டிக்கல் இன் இருக்கிறது. அப்படியானால் 4 மீட்டர் ஆர்சிஏ ஒயரே வேண்டாம்தானே?

காவேரிப்பட்டினம்_ஷண்ட் (காவேரிப்பட்டினம்)

வேண்டாம். 5 மீட்டர் ஆப்டிக்கல் ஒயர் வாங்கி, மூலையில் மடிக்காமல் வளைவாக விடுங்கள். டிவி மெனுவில் டிஜிட்டல் அவுட்டைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்ற மறக்காதீர்கள். டால்பியில் விட்டால் ஸ்டீரியோ டிஏசி சத்தமே போடாது. டிவியின் ரிமோட்டில் வால்யூம் அதற்கப்புறம் வேலை செய்யாமல் போகலாம், ஆம்பில்தான் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

பர்கூர்வாசி (பர்கூர்)

மிச்சமாகும் பணத்துக்கு ரியான் பின் நாலு வாங்குங்கள். மைக் ஒயர் 2.2 மீட்டருக்குப் பதிலாக 3 மீட்டர் எடுங்கள். ஒரு முனை கெட்டால் வெட்டிவிட்டு மறுபடி சால்டர் வைக்க நீளம் இருக்கும். ஆம்பின் பின்பக்கச் சாக்கெட்டையும் ஒருமுறை கையால் ஆட்டிப்பாருங்கள். ரிவெட் ஆடினால் பேக்கலைட் பலகையைக் கழற்றிவிட்டு, நட்டு போட்டு இறுக்கும் தனித்தனி சேஸிஸ் சாக்கெட்டாக மாற்றுங்கள். அவை கேபினட்டைத் தொடாதபடி இன்சுலேட்டிங் வாஷர் சேர்த்து மாட்ட வேண்டும். தொட்டால் புதிதாக ஒரு எர்த் பாதை திறந்துவிடும்.